ரிசர்வ் டே: 2023 ஃபைனலுக்கு அகமதாபாத் தனியாகப் போனவள் எழுதுவது

உங்கள் டீம் ஃபைனலுக்கு வந்து, அது வெளியூரில் நடந்து, உடன் வர யாரும் இல்லாமல், போகலாமா வேண்டாமா என்று ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். 2023 மே மாதம் சென்னை சூப்பர் கிங்ஸும் குஜராத் டைட்டன்ஸும் ஆடிய ஐபிஎல் ஃபைனலுக்கு நான் அப்படித்தான் அகமதாபாத் போனேன். போவதற்கு முன் தேடித் தேடிப் படித்தேன். பிட்ச் எப்படி, யார் ஆடுவார்கள், டாஸ் ஜெயித்தால் என்ன எடுக்க வேண்டும் என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள். மழை பெய்தால் எங்கே தூங்குவது, பேப்பர் டிக்கெட்டை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஒருவர்கூட எழுதவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு சிஎஸ்கே பைத்தியம் 2008 முதல். 2016, 2017 இரண்டு சீசனும் டீமே இல்லை, சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அந்த இரண்டு வருஷமும் வீட்டில் ஐபிஎல் போட்டால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன், வேறு எந்த டீமையும் பார்க்கப் பிடிக்காது. 2018-ல் திரும்பி வந்தார்கள். காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச்தான் நடந்தது, மிச்ச ஹோம் மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போய்விட்டது. அப்போது சென்னையிலிருந்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஸ்பெஷல் ரயில் புனே போனது. மஞ்சள் சட்டையோடு சென்ட்ரலில் ஏறியவர்களை டிவியில் பார்த்து, ஒருநாள் நானும் இப்படிப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். 2023 மே 23, சேப்பாக்கத்தில் குவாலிஃபையரில் குஜராத்தை 15 ரன்னில் ஜெயித்து ஃபைனலுக்குப் போனதும் அந்த ஆசை அப்படியே மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. அதோடு சேர்ந்து ஊர் முழுக்க ஒரே பேச்சு: தோனிக்கு இதுதான் கடைசி மேட்ச்.

இங்கேயே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "கடைசி மேட்ச்" என்ற பேச்சுதான் டிக்கெட் விலையை ஏற்றுகிறது. தோனி அப்போது எதுவும் அறிவிக்கவில்லை. அதற்குப் பிறகு 2024-லும் ஆடினார், 2025-லும் ஆடினார். ஆனால் அந்த மே மாதம் அது கடைசி இல்லை என்று என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஒரு ரசிகரின் மனசு அந்த நேரத்தில் எவ்வளவு பலவீனமாக இருக்கும் என்று பிளாக்கில் விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆன்லைனில் டிக்கெட் முடிந்த அன்றே வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்தார். டிக்கெட்டின் போட்டோ அனுப்பினார், ஆதார் போட்டோகூட அனுப்பினார், 5,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார். அனுப்பிய அரை மணி நேரத்தில் பிளாக் செய்துவிட்டார். அந்த ராத்திரி நான் அழுதது பணத்துக்காக மட்டும் இல்லை. நம்முடைய ஆசையை ஒருவர் இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டுத் திருடுகிறாரே என்ற அவமானம். இப்படி நடந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு இருக்கிறது. நான் மறுநாள்தான் கூப்பிட்டேன், அப்போதுதான் அந்த எண்ணே எனக்குத் தெரிய வந்தது. புகார் எண் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. நேரில் சந்தித்து, பேப்பர் டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பணம் தர வேண்டும். போட்டோவுக்கு மதிப்பே கிடையாது. ஒரே போட்டோவை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

கடைசியில் என்னோடு காலேஜில் படித்தவளின் அண்ணன் சூரத்தில் இருக்கிறார், அவருடைய நண்பர் ஒருவர் வர முடியாமல் போனதால் அவர் டிக்கெட் எனக்கு வந்தது, வாங்கிய விலைக்கே. நவஜீவன் எக்ஸ்பிரஸில் தட்காலில் ஒரு பெர்த். சென்னையிலிருந்து அகமதாபாத் முப்பது மணி நேரத்துக்கு மேல். அம்மாவுக்கு விருப்பமே இல்லை. "பதினோரு பேர் ஆடறதப் பாக்க ரெண்டு நாள் ரயில்ல போவியா?" என்றார். போவேன் என்றேன்.

ரயில் விஷயத்தில் ஒன்று. ஃபைனல் எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பது டீம் தகுதி பெறுவதற்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடும். போவதற்கும் வருவதற்கும் சாதாரண ரிசர்வேஷனிலேயே போட்டு வைத்துவிடுங்கள். இப்போது 60 நாளுக்கு முன்னால் புக்கிங் திறக்கிறது. டீம் வரவில்லை என்றால் கேன்சல் செய்துகொள்ளலாம். நான் போன சமயத்தில் 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் தேர்டு ஏசிக்கு 180 ரூபாயும் வரியும்தான் பிடித்தார்கள். தட்காலில் கன்பர்ம் ஆன டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா வராது. இது எனக்கு எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று பிறகு தெரிந்தது.

மே 28, ஞாயிறு. காலையில் லாட்ஜில் உட்கார்ந்து திங்கட்கிழமை ரயிலுக்கு தட்காலில் தேர்டு ஏசி போட்டேன், 2,500 ரூபாய்க்குக் கிட்டே வந்தது. லாட்ஜையும் அன்றே காலி செய்துவிட்டேன். மேட்ச் முடிய நள்ளிரவு ஆகும், அங்கிருந்து நேராக ஸ்டேஷன் போய் வெயிட்டிங் ரூமில் இருந்துகொள்ளலாம் என்பது திட்டம். பையை ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டேன். ஸ்டேடியத்துக்குள் பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் எதுவும் விடமாட்டார்கள். பவர் பேங்க் இல்லை என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே போகும் உங்கள் போன் ராத்திரி பத்து மணிக்குச் செத்துவிடும். அதனால் பி.என்.ஆர். எண், வீட்டு நம்பர், தங்கும் இடத்தின் முகவரி எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கமும். தனியாகப் போகும் பெண் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஸ்டேடியம் இருக்கும் மொட்டேராவில் இறங்கியதும் நான் பார்த்தது குஜராத்தா சேப்பாக்கமா என்று தெரியவில்லை. எங்கு திரும்பினாலும் மஞ்சள். ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரக்கூடிய ஸ்டேடியம், அதில் எதிர் டீமின் சொந்த ஊரில், முதுகில் 7 போட்ட சட்டைகள். இந்தி பேசுபவர், தெலுங்கு பேசுபவர், மராட்டி பேசுபவர், எல்லோரும் தோனிக்காக வந்தவர்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. டாஸுக்கு முன் மழை வந்தது. நின்றது, ஜனங்கள் கத்தினார்கள், மறுபடி வந்தது. கீழ் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கூரை இருக்கும் பக்கம் ஏறி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஐந்து ஓவர் மேட்சாவது நடக்கும் என்று கையில் இருந்த அட்டையால் தலையை மூடிக்கொண்டு காத்திருந்தோம். ராத்திரி பதினோரு மணிவாக்கில் நாளைக்கு என்று அறிவித்துவிட்டார்கள். மழை வந்தால் ஆடுவதற்கென்று ஒதுக்கி வைக்கும் மறுநாளைத்தான் ரிசர்வ் டே என்பார்கள், ஐபிஎல் ஃபைனல் ஒன்று அப்படி ரிசர்வ் டேக்குப் போனது அதுதான் முதல் தடவை.

அப்போது என் மனசு எப்படி இருந்தது தெரியுமா? மழை மீது கோபம் இல்லை. கையில் திங்கட்கிழமை ரயில் டிக்கெட், தங்க இடம் இல்லை, புதன்கிழமை ஆபீஸ், போனில் மூன்று சதவீதம் சார்ஜ். சுற்றி ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கேட்டைப் பார்த்து நடக்கிறார்கள். ஸ்டேடியத்தில் நான் தனி ஆள் என்ற எண்ணமே அதுவரை வரவில்லை, வெளியே ரோட்டில் தண்ணீரில் கால் வைத்ததும் வந்தது. என் பக்கத்து சீட்டில் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது, அண்ணன், அக்கா, பத்தாவது படிக்கும் பையன். அந்த அக்காதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க கூடவே வந்துரு கண்ணு, தனியா நிக்காத" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தனியாகப் போகிறவர்கள் மேட்ச் ஆரம்பிக்கும் முன்பே பக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது. கூட்டம் கலையும்போது புதிதாக யாரையும் தேட முடியாது.

ஆட்டோக்காரர்கள் கேட்ட தொகை வழக்கத்தைவிடப் பல மடங்கு. லாட்ஜ்களில் இடமே இல்லை, இருந்த இடத்தில் காலையில் நான் கொடுத்த வாடகையைப்போல் இரண்டு பங்குக்கு மேல் கேட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. அங்கே தரையில் இடமில்லாமல் மஞ்சள் ஜெர்ஸிகள் படுத்திருந்தன. செருப்பைத் தலைக்கு வைத்து, கொடியைப் போர்த்திக்கொண்டு, வாலிபப் பையன்கள், நரைத்த தாடிக்காரர்கள், ஒரு தாத்தாகூட. என்னிடம் ஏசி டிக்கெட் இருந்ததால் பெண்கள் வெயிட்டிங் ரூமில் விட்டார்கள். அந்த அக்காவிடம் அப்படி டிக்கெட் இல்லை, அவர்கள் வெளியே ஹாலில் படுத்தார்கள். ஒரு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு எனக்கு மனசு கேட்காமல் நானும் வெளியே அவர்களோடு வந்து உட்கார்ந்துகொண்டேன். ராத்திரி முழுக்க 2010 ஃபைனல், 2011 ஃபைனல், ரெய்னா, ஹஸ்ஸி என்று பேசினோம். அந்தப் பையன் 2008-ல் பிறந்தவன். 2010-ல் ஹெய்டன் மங்கூஸ் என்ற நீளக் கைப்பிடி பேட்டால் அடித்ததைப் பார்த்தவன் மாதிரியே சொன்னான்.

திங்கட்கிழமை காலையில் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அம்மா போனில் "போதும், கிளம்பி வா" என்றார். ரயிலில் ஏறினால் 2,500 மிச்சம், ஆபீஸ் மிச்சம். நான் இருந்துவிட்டேன். அதற்கு நான் கொடுத்த விலை: அந்த தட்கால் டிக்கெட், பகலில் குளித்துத் தூங்க எடுத்த ரூம், மும்பை வழியாக மாறி மாறித் திரும்பிய செலவு, சம்பளம் இல்லாத இரண்டு நாள் லீவு. திருடுபோன ஐயாயிரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 23,000 ரூபாய். எனக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஃபைனல் என்றால் இரண்டு நாள் என்றே கணக்கு வையுங்கள். ரிசர்வ் டே உண்டா என்று முதலிலேயே பார்த்து, உண்டு என்றால் திரும்பும் ரயிலை அதற்கும் மறுநாளுக்குப் போடுங்கள், ரூமையும் அதுவரை வையுங்கள். மழை வராவிட்டால் ஒருநாள் ஊர் சுற்றிப் பாருங்கள்.

அப்புறம் டிக்கெட். மறுநாளும் அதே பேப்பர் டிக்கெட்தான் செல்லும், முழுசாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முந்தின ராத்திரி மழை வெறுப்பில் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவர்கள் இருந்தார்கள். பேன்ட் பாக்கெட்டில் நனைந்து கூழானதும் உண்டு. என்னுடையது போன் கவருக்குள் மடித்து இருந்ததால் மூலையில் மட்டும் ஈரம். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற சேலத்துத் தம்பி ஒருவனின் டிக்கெட் பாதி கிழிந்திருந்தது, அவன் கை நடுங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பார்கோடு இருந்த பக்கம் உருப்படியாக இருந்ததால் வெகுநேரம் நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே விட்டார்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று இரண்டு ரூபாய். அதில் டிக்கெட்டைப் போட்டு, மேட்ச் முடிந்து வீடு சேரும் வரை எறியாதீர்கள். பார்கோடு தெரிய போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கவும் கூடாது.

மேட்ச் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் அங்கே உட்கார்ந்து பார்ப்பதற்கு உங்களைத் தயார் செய்ய ஆளில்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. சாய் சுதர்சன் நம்ம சென்னைப் பையன். எங்களுக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தான். ஒவ்வொரு சிக்ஸுக்கும் வயிறு எரிந்தது, ஒவ்வொரு சிக்ஸுக்கும் உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அவன் சதம் அடிக்காமல் பதிரனா பந்தில் அவுட் ஆனபோது எங்கள் ஸ்டாண்ட் துள்ளியது. ஈரோட்டு அக்கா மட்டும் "அச்சோ, பாவம்" என்றார். எனக்கும் அதேதான். குஜராத் 214. நாங்கள் இறங்கி மூன்றே பந்து, மறுபடி மழை. நள்ளிரவு தாண்டி 15 ஓவரில் 171 என்று திரும்ப ஆரம்பித்தார்கள். கான்வே 25 பந்தில் 47, ரஹானே 13 பந்தில் 27, அன்றே ஓய்வு பெறும் ராயுடு 8 பந்தில் 19. எல்லாம் நன்றாகத்தான் போனது. ராயுடு அவுட், அடுத்த பந்தில் தோனி அவுட். முதல் பந்திலேயே.

அவ்வளவு பெரிய ஸ்டேடியம் அப்படி அடங்கி நான் கேட்டதில்லை. எனக்குப் பக்கத்தில் ஒருவர் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். சிலர் எழுந்து படியிறங்கவே ஆரம்பித்துவிட்டார்கள், மேட்ச் இன்னும் இருந்தது! அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வந்தது. அந்த சீசன் முழுக்க ஜடேஜா பேட்டிங் இறங்கினால் ஜனங்கள் அவர் அவுட் ஆகி தோனி வர வேண்டும் என்று கத்தினார்கள். மேலே இறங்கினால் நான் அவுட் ஆகத்தான் காத்திருப்பார்கள் என்று ஜடேஜாவே மே மாதம் ஒரு மேட்ச் முடிந்த பிறகு சிரித்தபடி சொன்னார். சிரித்தார்தான், ஆனால் எனக்கு அது வலித்தது. நம் டீமுக்காக உயிரைக் கொடுத்து ஃபீல்டிங் செய்கிற ஒருவரின் விக்கெட்டுக்கு நம்ம ஜனங்களே விசில் அடித்தால் அவர் மனசு என்ன பாடுபடும்? தோனி மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை அளக்க முடியாது, அவருக்காகத்தான் தரையில் தூங்கினேன். ஆனால் அந்தப் பிரியம் பக்கத்தில் நிற்கிற ஆளை மிதிக்கக் கூடாது.

கடைசி ஓவர் மோகித் சர்மா, 13 ரன் வேண்டும். நாலு பந்தில் மூன்று ரன்தான் வந்தது. ஒவ்வொரு பந்தும் யார்க்கர். இரண்டு பந்தில் பத்து. ஐந்தாவது பந்தை ஜடேஜா நேராகத் தூக்கினார், சிக்ஸ். ஆறாவது காலுக்கு வந்தது, ஃபைன் லெக் பக்கம் தட்டினார், நாலு. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. ஈரோட்டு அக்கா என்னைத் தூக்கினார், நான் அவர் பையனைத் தூக்கினேன், அதே நேரத்தில் கீழே தோனி ஜடேஜாவைத் தூக்கிக்கொண்டிருந்தார். எழுந்து போனவர்கள் படிக்கட்டில் திரும்ப ஓடி வந்தார்கள். கோப்பை வாங்க ராயுடுவையும் ஜடேஜாவையும் முன்னால் அனுப்பிவிட்டு தோனி ஓரமாக நின்றதைப் பார்த்தபோதுதான் நான் அழுதேன். இத்துடன் முடித்துக்கொள்வது சுலபம், ஒன்பது மாதம் உழைத்து இன்னொரு சீசன் ஆடுவது கஷ்டம், ஆனாலும் ரசிகர்களுக்காக முயற்சி செய்வேன் என்ற அர்த்தத்தில் அவர் பேசினார். ஊர் முழுக்கச் சொன்ன கடைசி மேட்ச் அங்கேயே பொய்யாகிப் போனது, எனக்கு அதைவிட சந்தோஷம் வேறு இல்லை.

ஜெயித்த பிறகான இரண்டு மணி நேரம்தான் ஆபத்தானது, இதையும் யாரும் சொல்வதில்லை. அதிகாலை மூன்று மணி, சாப்பிடவில்லை, தூக்கமில்லை, தலை கிறுகிறுக்கிறது, சந்தோஷத்தில் எதுவும் தெரியாது. என்னோடு வந்த கூட்டத்திலேயே இரண்டு பேர் போனைத் தொலைத்தார்கள். வெளியே தோற்ற டீமின் ரசிகர்களும் இருப்பார்கள், அவர்கள் முகத்துக்கு எதிரே ஆடாதீர்கள். கார் எடுத்து வந்தவர்கள் நாலு மணி நேரமாவது தூங்காமல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தனியாக வந்த பெண்கள் திரும்பும் வண்டிக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் வரும் வரை கூட்டமாக ஸ்டேஷனிலேயே இருப்பது மேல். நான் அப்படித்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் காய்ச்சல். தோற்றிருந்தால் இந்தக் காய்ச்சல், இந்த 23,000, இந்தத் தூக்கமின்மை எல்லாவற்றையும் எப்படித் தாங்கியிருப்பேன் என்று யோசித்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. குஜராத் ரசிகர்கள் அன்றைக்கு அதைத்தான் தாங்கினார்கள், கடைசிப் பந்தில். தோற்றாலும் இது தகும் என்று உங்களால் சொல்ல முடிகிற தொகை எதுவோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், கடன் வாங்காதீர்கள்.

2025-ல் டீம் கடைசி இடத்தில் முடிந்தது. அந்த வருஷ நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். ஈரோட்டு அக்கா அன்று போன் செய்தார், இருவரும் வெகுநேரம் பேசவே இல்லை, அப்புறம் மாறி மாறித் திட்டினோம். சாம்சன் நல்ல ஆட்டக்காரர், அவரையும் நாங்கள் கொண்டாடுவோம், அவர் வந்தது அவர் தப்பு இல்லை. ஆனால் ராஜஸ்தான் சேப்பாக்கத்துக்கு வரும் நாளில் நானும் அக்காவும் போவதாக இருக்கிறோம். அக்கா ஜடேஜாவின் பழைய மஞ்சள் 8-ஆம் நம்பர் சட்டையைத்தான் போடுவாராம். டிக்கெட் விற்பனை ஆரம்பித்த நிமிஷமே உட்கார வேண்டும், ஜிப் கவர் வாங்கியாகிவிட்டது.